இரண்டாவது கையெழுத்து இல்லாமல் மணி அடிக்காது

எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் ஒரு இனம். ஒரு தடவை பார்த்தது போதாது, பார்த்த ஆளை நம்பவும் கூடாது, வேறொரு ஆள் வந்து முதலில் இருந்து பார்க்க வேண்டும், அவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொருளைத் தொடலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னொரு இனம். இவர்களுக்கு இரண்டாம் கையெழுத்துக்காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டைப் பிடித்து நாலு தடவை தொங்கிவிட்டு, மனைவியையும் ஒரு தடவை தொங்கச் சொல்வார். அதெல்லாம் குட்டி. முழு வளர்ச்சி அடைந்த உருப்படியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் பத்மநாபபுரத்துக்குத்தான் வர வேண்டும். அரண்மனைக்கு வருகிறவர்கள் மரவேலையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி, என் பக்கத்து வீட்டில், ஞானையன் இருக்கிறார். டிக்கெட்டும் கிடையாது.

ஞானையனுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் இருபத்தேழு வருஷத்தை வளைகுடாவில் ஒரு விமானப் பட்டறையில் கழித்தவர். விமானம் என்றால் நீங்களும் நானும் இறக்கையைப் பார்ப்போம், ஜன்னல் ஓரம் கிடைத்ததா என்று பார்ப்போம். ஞானையன் பார்த்தது கேபிளை. விமானி உட்கார்ந்த இடத்தில் ஒரு பிடியைத் திருப்பினால் எங்கோ பின்னால் வாலில் ஒரு தகடு அசைய வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில், பழைய வகை விமானங்களில், நம் காலுக்கு அடியில், கப்பி கப்பியாக ஏறி இறங்கி, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத எஃகுக் கேபிள் ஓடுகிறது. நாம் மேலே உட்கார்ந்து பன்னைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். உயிர் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கேபிளை ஞானையன் இருபத்தேழு வருஷம் தடவினார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே தடவல்தான் வேலை. மெல்லிய பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துப் போக வேண்டும். எங்காவது ஒற்றை இழை அறுந்து துருத்திக்கொண்டு நின்றால் துணி மாட்டும். கண்ணுக்குத் தெரியாதது துணிக்குத் தெரியும். மாட்டினால் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டுத் தொங்கும் பொருளை மந்திரி வந்தாலும் தொடக்கூடாது.

இதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. கேபிளைக் கழற்றி மாட்டினால், மாட்டின ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதோடு முடியாது. வேறொரு ஆள், முதல் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தானே எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பார். பிடி முழுசாகத் திரும்புகிறதா? தடையில்லாமல் திரும்புகிறதா? திருப்பின பக்கத்துக்கே தகடு போகிறதா? மூன்றும் சரி என்று அவரும் கீழே கையெழுத்துப் போட்டால்தான் விமானம் வெளியே போகும்.

திருப்பின பக்கத்துக்குப் போகாமல் வேறு எங்கே போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் ஞானையனிடம் கேட்டேன்.

"ஒரு தகட்டுக்கு ரெண்டு கேபிள் உண்டு, ரெண்டும் பாக்க ஒண்ணுபோலதான் இருக்கும் மக்கா. வளைஞ்சு வளைஞ்சு போற வழியில மாத்தி மாட்டியாச்சுன்னு வையி, விமானம் ஓட்டுகவன் இடப்பக்கம் திருப்புவான், தகடு வலப்பக்கம் போவும். மாட்டினவனுக்கு அது தெரியாது கேட்டியா. செரியாத்தான் மாட்டியிருக்கோம்னு அவனுக்க மனசு சொல்லிக்கிட்டே கெடக்கும்."

அந்த வேறொரு ஆள்தான் ராஜமணி. அவரும் எங்கள் தெருதான். ஞானையன் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஒரே கிறிஸ்தவச் சபை, ஒரே பட்டறை, அங்கே தங்கினதும் ஒரே அறை. இருபது வருஷம் ஒருவர் கையெழுத்துக்குக் கீழே மற்றவர் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது ஏழு வருஷமாகப் பேச்சில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஓய்வு பெற்று ஞானையன் ஊருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊரில் விமானம் கிடையாது. அதனால் என்ன குறை? கயிறு இருக்கிறதே! துணி காயப்போடும் கொடியில் தொடங்கினார். கொடிக்கு எஃகுக் கம்பி கட்டி, டென்ஷன் மீட்டர் வைத்து அளந்து, எத்தனை டிகிரி வெயிலுக்கு எவ்வளவு இறுக்கம் என்று ஒரு அட்டவணை எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினார். காலையில் அவர் மனைவி நேசம்மாள் அக்கா ஈரத்துணி வாளியோடு முற்றத்தில் நிற்பார். ஞானையன் வெப்பமானியோடு நிற்பார்.

"இருபத்தெட்டு டிகிரி. கொடி இறுகிப் போயில்லா கெடக்கு. சேலை போடாண்டாம். துண்டு மட்டும் போடு."

"சேலையைப் பின்ன எங்கக் கொண்டு போட?"

"பத்து மணிக்கு ஒருக்கா அளந்து பாத்துச் சொல்லுகேன்."

அது மட்டுமா? அளந்த பிறகு நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். கீழே இரண்டாவது கையெழுத்துக்கு நேசம்மாள் அக்காவைக் கூப்பிடுவார். ஆறு மாசம் அந்த அம்மாவும் பொறுமையாகப் போட்டார். பிறகு ஒருநாள் பேனாவை வைத்துவிட்டார். "கல்யாண ரிஜிஸ்டர்ல போட்ட ஒரு கையெழுத்துக்கே நான் இன்னும் அனுபவிச்சுத் தீரல்ல. இனி ஒண்ணுலயும் போட மாட்டேன்" என்றார்.

கொடி முடிந்ததும் ஊர். தேங்காய் வெட்ட வரும் தாணு இப்போதெல்லாம் காலில் தளை போட்டு ஏறுவதில்லை. தென்னை ஏறும் கருவி வைத்திருக்கிறான். அதில் இரண்டு வளையம், இரண்டும் எஃகுக் கேபிள். சொல்ல வேண்டுமா? ஞானையன் சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்தார். துணி மாட்டியது. சிவப்புச் சீட்டுத் தொங்கியது.

"சாரே, நான் ஏறணுமா ஏறாண்டாமா?"

"ஏறலாம். புதுக் கேபிள் மாத்து, நான் பாக்கேன், பின்ன வேற ஒரு ஆளு பாக்கட்டு, பின்ன ஏறு."

தாணு கருவியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அந்த மாசம் தேங்காய்கள் தாமாகவே, எந்தக் கையெழுத்தும் இல்லாமல் இறங்கின. ஒன்று என் ஸ்கூட்டரின் மேல் இறங்கியது.

தேங்காய்ப்பட்டணத்துக்கு மீன் வாங்கப் போன மனிதர் கரையில் நின்ற ஒரு வள்ளத்தின் நங்கூரக் கயிற்றைத் தடவப்போய், நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடித்துப் போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள். கயிறு திருட வந்தவன் என்று நினைத்துவிட்டார்களாம். திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் நடந்ததுதான் இன்னும் மோசம். அந்த வண்டிகளில் கண்டக்டர் மணி அடிக்கத் தலைக்கு மேல் நீளத்துக்கு ஒரு கயிறு போகும் அல்லவா? ஒரு அடி என்றால் நிறுத்து, இரண்டு அடி என்றால் போ. ஞானையன் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முன்வாசலில் இருந்து பின்வாசல் வரை அந்தக் கயிற்றைத் துணியால் தடவிக்கொண்டே போனார். மணி கிணிங் என்றது. டிரைவர் நிறுத்தினார். கிணிங் கிணிங் என்றது. எடுத்தார். மறுபடி கிணிங். களியக்காவிளைக்கு முன்னால் பதினோரு இடத்தில் அந்த பஸ் யாரும் இறங்காமல், யாரும் ஏறாமல் நின்று நின்று போனது. கண்டக்டர் கேட்ட கேள்விகளை அச்சில் போட முடியாது. ஞானையன் பதற்றமே இல்லாமல், "கயிறு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. கப்பியில மட்டும் கொஞ்சம் தேய்வு உண்டு" என்றார்.

ராஜமணி கதைக்கு வருகிறேன். பிரிந்த காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கேபிளின் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி இறுக்குவதற்கு விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழல் உண்டு. முறுக்கின பிறகு திருகின் மரைச் சுற்று குழலுக்கு வெளியே மூன்றுக்கு மேல் தெரியக் கூடாது என்பது விதி. மாட்டின ஞானையன் மூன்று என்று எழுதினார். பார்க்க வந்த ராஜமணி நாலு என்றார்.

"எண்ணத் தெரியாதா வே உமக்கு?"

"எண்ணத் தெரிஞ்சதுனாலதான் சொல்லுகேன்."

மூன்றா, நாலா? அரைநாள் இரண்டு பேரும் விமானத்தின் வாலுக்குள் படுத்துக்கொண்டு கத்தினார்கள். கடைசியில் மேலாளர் இருவரையும் காலைப் பிடித்து வெளியே இழுக்காத குறையாக வரச் சொல்லி, வேறு ஆட்களை வைத்து மொத்தத்தையும் கழற்றிப் புதிதாக மாட்டினார். அத்தோடு அந்த மரைகள் போயின. மூன்றா நாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சண்டை தீரவும் முடியாது. இருவரும் ஓய்வு பெற்று ஊர் வந்து, ஆராதனையில் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். சமாதானத்துக்காக ஜெபிப்போம் என்று போதகர் சொன்னால் இரண்டு பேரும்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார்கள்.

இந்த வருஷம் ஞானையன் மகள் ஜினிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் நாகர்கோவிலில் நர்ஸ். மாப்பிள்ளை லிபின், மார்த்தாண்டத்துக்காரன், நல்ல பையன், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். அவன் அம்மா ரீத்தாவைப் பற்றித்தான் எல்லாருக்கும் பயம். அந்த அம்மா ஏற்கெனவே மகனுக்கு வந்த இரண்டு இடத்தை வேண்டாம் என்றவர். ஒரு வீட்டில் காப்பி கொண்டுவரும்போது கரண்டு போனது. இன்னொரு இடத்துக்குச் சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது யாரோ தும்மினார்கள்.

"நாங்க சகுனம் பாக்குத ஆளுவ இல்ல கேட்டியளா. எங்களுக்கு ஜெபம்தான். ஆனா கர்த்தர் காட்டித் தாறதைப் பாக்காம இருக்க முடியுமா?" என்பார்.

ஜினிஷாவுக்கு லிபினைப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடியும் வரை வீட்டில் யாரும் தும்மக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

இனி எங்கள் சபை மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபுரத்தில் இரண்டு மணி. பெரிய மணி ஆராதனைக்கும் கல்யாணத்துக்கும். சின்ன மணி சாவுக்கு மட்டும். சின்ன மணி விட்டு விட்டு ஒலித்தால் கடையில் எடை போடுகிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டு 'யாரு?' என்று கேட்பான். கீழே நின்று இழுக்க இரண்டு கயிறு தொங்கும். வலது கயிறு பெரிய மணி, இடது கயிறு சின்ன மணி. கல்யாணத்தன்று பெரிய மணி அடித்த பிறகுதான் பெண் கோவில் படியில் கால் வைப்பாள். இது எங்கள் வழக்கம்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஞானையன் துணியோடு கோபுரத்தில் ஏறினார். அது தென்னந்தும்புக் கயிறு. தும்புக் கயிற்றில் துணி மாட்டாமல் வேறு என்ன செய்யும்? அடிக்கு அடி மாட்டியது. முந்நூற்றுப் பன்னிரண்டு குறை என்று எழுதி, இரண்டு கயிற்றிலும் சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டு இறங்கினார். பிறகு தனி ஆளாகப் பத்து நாள் பாடுபட்டு, இரண்டு கயிற்றையும் எடுத்துவிட்டு எஃகுக் கேபிள் போட்டார். கப்பி, பித்தளைக் குழல், குழல் தானாகச் சுழன்றுவிடாமல் பூட்டுக்கம்பி, எல்லாம் விமானத்தில் உள்ளபடி. அட்டை ஒன்று மாட்டி, கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு கோடு காலியாக இருந்தது.

நான் சபைக் கமிட்டிச் செயலாளர். "அண்ணே, அந்தக் கோட்டில நான் போட்டுத் தாறேன்" என்றேன்.

"உனக்கு மரை எண்ணத் தெரியுமா?"

"ஒரு தடவை இழுத்துப் பாத்துரலாம்லா?"

"காரணமில்லாம மணி அடிச்சா ஊர் கூடிராதா? மேலயும் கீழயும் நான் ஒருத்தன் நிக்க முடியுமா? ரெண்டாவது ஆளு வரட்டு."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மணி இல்லாமல் போயிற்று. முதல் ஞாயிறு போதகர் ஆராதனையைத் தொடங்கியபோது உள்ளே அவரும் மின்விசிறிகளும்தான் இருந்தன. நான் நேசம்மாள் அக்காவிடம் போய் முறையிட்டேன். அந்த அம்மா கத்தியால் பலாக்கொட்டையைத் தோலுரித்துக்கொண்டே சொன்னார்: "வெறும் கயிறு மாத்தினா ஒரு ஆளு பாத்தா போதும் தம்பி. கேபிள் போட்டா ரெண்டு ஆளு பாக்கணும். ரெண்டாவது ஆளு இந்த ஊருல ராஜமணியண்ணனைத் தவிர யாரு இருக்காவ?"

"அப்பம் அவரைப் போய்க் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட வாய் வரல்ல. அதனாலதான் கேபிள் போட்டிருக்காவ."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மனிதர் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். கல்யாண அழைப்பை ராஜமணி வீட்டுக்கு நேசம்மாள் அக்காதான் கொண்டு போனார். "கொள்ளாம். கூப்பிட வேண்டிய ஆளு வந்து கூப்பிடட்டு" என்று ராஜமணி பதில் சொல்லி அனுப்பினார்.

கல்யாண நாள் வந்தது. பத்தரைக்கு நேரம். பத்து இருபதுக்கு மணி அடிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் வந்து நின்றுவிட்டார்கள். லிபின் கழுத்துப் பட்டையைத் தளர்த்தி இறுக்கிக்கொண்டிருந்தான். ஜினிஷா வெள்ளைச் சேலையும் முக்காட்டு வலையுமாகக் காருக்குள் இருந்தாள். ரீத்தா அம்மா நடு முற்றத்தில் நின்று, கர்த்தர் இன்று எந்தத் திசையிலிருந்து எதைக் காட்டுவார் என்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து இருபத்தைந்து. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம்! பெற்ற பெண்ணின் கல்யாணத்தைவிட ஒரு காலிக் கோடு பெரிதா? நான் கோபுர வாசலில் நுழைந்து, வலது கேபிளின் பிடியை இரண்டு கையாலும் பற்றி, முழுப் பலத்தோடு இழுக்கப்போனேன். கோட்டும் சூட்டுமாக ஓடிவந்த ஞானையன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாத."

"அண்ணே, உங்க மகளுக்க கல்யாணமாக்கும்!"

"அதுனாலதான் தொடாதங்கேன்."

காரின் கண்ணாடி இறங்கியது. ஜினிஷா தலையை வெளியே நீட்டினாள். முகத்தில் பூசியிருந்த பவுடருக்கு மேல் கண்ணீர் ஒரு கோடு போட்டிருந்தது.

"அப்பா, நாலு வீடு தாண்டி நடக்க உங்களால முடியாதா? எனக்காக முடியாதா? நான் இங்கயே இருக்கேன். போய் ராஜமணி மாமாவைக் கூட்டிட்டு வாங்க."

ஞானையன் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். ராஜமணி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மனிதர் துவைத்து இஸ்திரி போட்ட வேட்டி சட்டையில், சட்டைப்பையில் மடித்து வைத்த பருத்தித் துணியோடு, முன்னறை நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். எத்தனை மணியிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்தாரோ!

ஞானையன் கல்யாணத்துக்கு வாரும் என்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளும் என்றும் சொல்லவில்லை.

"ஒரு கேபிள் மாட்டியிருக்கேன். பாக்கணும்."

"எப்பம் மாட்டினது?"

"பத்து நாளாச்சு."

"இப்பம்தான் வழி தெரிஞ்சுதோ?" என்றபடி ராஜமணி எழுந்து செருப்பை மாட்டினார்.

வழியில் ஞானையன் ஏதோ விளக்க வாயெடுத்தார். "முதல் ஆளு பேசப்பிடாது" என்று ராஜமணி அடக்கிவிட்டார். கோபுர ஏணியில் ஏறினார். பத்து நாற்பது. துணியால் தடவினார். பத்து ஐம்பது. மரை எண்ணினார். "ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று மேலிருந்து குரல் வந்தபோது முற்றத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "மூணு!" என்றார். கீழே யாரோ கைதட்டிவிட்டார்கள்.

"இது என்னது, கல்யாணமா கப்பல் விடுகதா?" என்றார் ரீத்தா அம்மா.

பிறகு ராஜமணி இரண்டு மணியின் நாக்கிலும் துணியைச் சுற்றினார். "சத்தம் வராது. கீழ நிக்கது யாரு? வலதைப் பைய இழு" என்றார். நான் இழுத்தேன். மேலே மௌனம். "விடு. இன்னொருக்கா இழு." இழுத்தேன். மறுபடி மௌனம். "இடது." இழுத்தேன். அதற்கப்புறம் ஏணியில் இறங்கும் சத்தம்தான் கேட்டது. நேராக ஞானையனிடம் வந்து, காதோடு காதாகச் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"மாறிக் கெடக்கு வே. வலது, சின்ன மணிக்குப் போவுது."

நான் என் கைகளைப் பார்த்தேன். அரைமணி நேரத்துக்கு முன்னால் இந்தக் கைகள்தான் அந்த வலது கேபிளை முழுப் பலத்தோடு இழுக்கப் போனவை. ஜினிஷா காரில் இருந்து இறங்கும் நேரத்தில், ரீத்தா அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், ஊரே கூடி நிற்கும் முற்றத்தில், சாவு மணி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை என் கோபத்தால் நானே அடித்து முடித்திருப்பேன். வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

ஞானையன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று சொன்னார்.

"அன்னைக்கு நாலுதான் வே."

"தெரியும்" என்றார் ராஜமணி.

இதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நமக்கு எப்போதும் யோசனை வந்துவிடும். "எதுக்கு இவ்வளவு பாடு? வலதை விட்டுட்டு இடதை இழுத்தா பெரிய மணி அடிக்கும்லா?" என்றேன். இரண்டு பேரும் திரும்பி, கோவிலுக்குள் எச்சில் துப்பினவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். "அது செய்யாண்டாம்!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் முட்டாள்தனம்.

இருவரும் ஏறினார்கள். கழற்றி மாட்டும் வேலையை ராஜமணி செய்தார். அதனால் இப்போது அவர் முதல் ஆள். ஞானையன் இரண்டாவது ஆள். ஆகவே எல்லாம் முதலில் இருந்து! துணி, மரை, பூட்டுக்கம்பி, அசைவு. போதகர் முற்றத்தில் பாட்டுப் பாடச் சொன்னார். அவருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து முதல் பாட்டுக்கே திரும்பி வந்தார். பதினொன்று இருபத்தைந்துக்கு இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் கிரீஸும் புறா எச்சமுமாக இறங்கி வந்தார்கள். அவர்கள் ஏழு வருஷமாகப் பேசாதவர்கள் என்று யாரோ ரீத்தா அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா ஓவென்று அழுதுவிட்டார். "பாத்தியளா? கர்த்தர் காட்டித் தந்துட்டாரு! இதைவிட என்ன வேணும்?"

"இப்பம் இழு" என்றார் ஞானையன் என்னிடம்.

நான் பிடியைப் பற்றினேன். கை இழுக்க மறுத்தது. "அண்ணே, ரெண்டு பேரும் போட்டாச்சா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் அட்டையைக் காட்டினார்கள். இரண்டு கையெழுத்தும் இருந்தன. இழுத்தேன். பெரிய மணி பத்மநாபபுரம் முழுக்கக் கேட்கும்படி அடித்தது. ஜினிஷா படியேறினாள்.

தாலி கட்டி முடிந்து கல்யாண ரிஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போடும் நேரத்தில், ஞானையன் போட்டதற்குக் கீழே ராஜமணி போட வேண்டும் என்றார்கள். அவர் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தி, ஜினிஷாவிடம் கேட்டார்.

"பிள்ளே, நீ இடப்பக்கம் திரும்புன்னா இவன் இடப்பக்கம்தானே திரும்புவான்?"

லிபின் இடப்பக்கம் திரும்பிக் காட்டினான். வலப்பக்கமும் திரும்பிக் காட்டினான். தடையே இல்லை. ராஜமணி கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எனக்கும் வந்துவிட்டது இந்த நோய். கமிட்டிக் கடிதம் ஒன்று எழுதினால் இரண்டு பேரிடமும் காட்டாமல் அனுப்புவதில்லை. நீங்கள் சிரித்துவிட்டுப் போகலாம். உங்களுக்கு அப்படிப்பட்ட பழக்கமெல்லாம் இல்லை, நீங்கள் செய்தால் ஒரு தடவையிலேயே சரியாக இருக்கும். நல்லது. ஆனால் போன வாரம் நீங்கள் ரொம்பச் சரி என்று நினைத்துத் தனியாக முடிவெடுத்த ஒரு காரியம் இருக்குமே, அதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். 'இதை அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்று ஒருத்தர் பெயர் மனசில் வந்ததா? அப்படியானால் நீங்களும் இந்த இனம்தான், மறைத்துப் பயனில்லை. அவரோடு நீங்கள் பேசி எத்தனை வருஷம் ஆகிறது?